கரும்பும் நரிவெங்காயமும்: கமக்காரர் எதனை எங்கே நடுதல் வேண்டும்?

கொழும்பு மாநகரின் தென்பாலுள்ள வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் இன்று வயல் நிலம் காண்பதரிது. எனினும், கமக்காரர் விளைவிக்கும் பொருளுக்கு என்ன மதிப்புண்டு என்பதை அறிதற்கு அப்பகுதிச் சந்தை ஏற்றதோர் இடமாகும். தைப்பொங்கலை ஒட்டிய சில நாட்களில் வெள்ளவத்தை வீதியோரங்களில் கரும்புக் கழிகள் கட்டுக்கட்டாகச் சாத்தி வைக்கப்பெறும். பொங்கல் கழிந்த மறுநாள் அவற்றைக் கேட்பார் இல்லை. அதே வீதிகளிலுள்ள நாட்டு மருந்துக் கடைகளிலோ, வேரும் கிழங்கும் பட்டையும் ஆண்டு முழுவதும் சிறு சிறு அளவில் விலைபோகின்றன. ஒன்று சில நாட்களில் பெருவாரியாக விற்பது. மற்றையது நெடுநாளில் சொற்பமாக விற்பது. கரும்பையும் நரிவெங்காயத்தையும் ஒப்புநோக்குங்கால் இவ்வேறுபாட்டை முதலிற் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

“நெல்லில் இலாபமில்லை, வேறு பயிர் நட்டாலென்ன?” என்னும் எண்ணம் கமக்காரரிடையே அடிக்கடி எழுவதுண்டு. அவ்வெண்ணம் தவறன்று. ஆனால் பயிரின் இயல்பையும் அதனை வாங்குவோரையும் அறியாது நிலத்தை மாற்றுவோர், ஓராண்டு உழைப்பையும் கைமுதலையும் ஒருங்கே இழக்க நேரிடும்.

இயல்பு

கரும்பு நெல்லைப் போலப் புல்லினத்தைச் சேர்ந்தது. கணுக்களிலுள்ள அரும்புகளிலிருந்து முளைத்துத் தூர் கட்டி, ஓராளுக்கு மேல் உயர்ந்து வளர்வது. நட்டதிலிருந்து வெட்டுவதற்குப் பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்கள் செல்லும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்புப் பயிர் சில தடவைகள் எடுக்கலாம்.

நரிவெங்காயம், காட்டு வெங்காயம் எனவும் வழங்கும். ஆயுர்வேத நூல்கள் இதனை வனபலாண்டு என்னும். இது நிலத்தடியிற் குமிழ் வைக்கும் செடியாகும். மணற்பாங்கான வரண்ட தரையில் தானாகவே வளரும். கோடையில் இலையுதிர்ந்து, இருந்த இடமே தெரியாது உறங்கிக் கிடக்கும். பின்னர் இலை விடுமுன்னரே நீண்டதொரு பூந்தண்டை மேலே அனுப்பும். இலைகள் அதன் பின்னரே தோன்றும்.

கரும்பு நீரையும் பசளையையும் ஓயாது வேண்டி நிற்க, நரிவெங்காயமோ கமக்காரரிடம் எதனையும் வேண்டுவதில்லை. ஆயினும், செலவில்லாப் பயிரே சிறந்த பயிரென்று கொள்வது பிழையாகும்.

பராமரிப்பு

கரும்புச் செய்கைக்கு ஆழ உழுத, நீர் தேங்காத நிலம் வேண்டும். மூன்று கணுவுள்ள நோயற்ற துண்டங்களைச் சால்களில் இட்டு மண்ணால் மூடுதல் வழக்கம். முதல் நான்கு மாதங்களில் களை மிகுந்தால் பயிர் பின் ஒருபோதும் தேறாது. தழைச்சத்தும் சாம்பற்சத்தும் நிறைய வேண்டப்படும். பயிர்க்காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1500 முதல் 2500 மில்லிமீற்றர் வரை நீர் தேவை.

இலங்கைக் கரும்புக்குப் பெருங்கேடு விளைப்பது வெண்ணிலை நோய். அதனைத் தத்துப்பூச்சி பரப்பும். நோயுற்ற துண்டங்களை நடுவதாலும் பரவும். நோய் கண்ட தூரை வேரோடு அகற்றுதலும், நம்பத்தக்க நாற்றுப் பண்ணைகளிலிருந்து மட்டும் துண்டங்களைப் பெறுதலும் இன்றியமையாதன. உடவளவையிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையம் இந்நோய் பற்றியும் புதிய இனங்கள் பற்றியும் ஆராய்ந்து வருகின்றது. கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பெற்ற கரும்பு இனவிருத்தி நிலையத்தில் உருவான ‘கோ 775’ என்னும் இனமே இந்நாட்டில் நெடுங்காலம் பரவலாக நடப்பட்டது.

நரிவெங்காயத்துக்கு நீர் தேங்காமை ஒன்றே போதும். குமிழின் பக்கத்தே தோன்றும் சிறு குமிழ்களைப் பிரித்து நடலாம், விதையாலும் பெருக்கலாம். வளர்ச்சி மந்தமானது, விற்பனைக்கேற்ற பருமனடையச் சில ஆண்டுகள் செல்லும். அறுவடை செய்த குமிழின் புறத்தோலை நீக்கி, மெல்லிய துண்டுகளாக அரிந்து, நன்கு உலர்த்துவர். உலர்ந்த தூள் காற்றிலுள்ள ஈரத்தை விரைவில் உறிஞ்சிக் கட்டிபடும் இயல்பினது. ஆதலால் காற்றுப்புகாக் கலங்களில் இடுதல் வேண்டும். அரியும்போது சாறு பட்டால் தோல் அரிக்கும். கையுறை அணிதல் நன்று.

பயன்

கரும்பின் பயன்கள் பலரும் அறிந்தவை. சீனி, வெல்லம், பாகு என்பன உணவாகும். சக்கை ஆலைக்கு எரிபொருளாகும். கழிவுப்பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படும். கொழுந்து கால்நடைக்குத் தீனியாகும். இலங்கைக்கு வேண்டிய சீனியிற் பத்திலொரு பங்களவே இங்கு விளைகின்றது. இதனைக் கேட்டவுடன், “அவ்வாறாயின் யாவரும் கரும்பு நடலாமே” எனச் சிலர் கருதுவர். ஆனால் நாட்டின் தேவை வேறு, கமக்காரர் வாயிலில் வந்து வாங்குவோர் வேறு.

வெட்டிய கரும்பில் இனிப்புச்சத்து மணிக்கு மணி குறையும். ஒரு நாளுக்குள், பிந்தினால் இரு நாட்களுக்குள், அது ஆலையை அடைதல் வேண்டும். ஆகவே செவனகல, பெல்வத்தை, இங்குராணை போன்று ஆலைகளுக்கு அண்மையிலுள்ள நிலங்களிலேயே கரும்பு தக்க பயிராகும். கந்தளாயில் 1960ஆம் ஆண்டளவில் தொழிற்பட்ட சீனித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. நிலமும் குளத்து நீரும் முன்போலவே இருந்தன. வாங்கும் ஆலை ஒன்றே இல்லாது போயிற்று. அவ்வொன்று இல்லாதபோது ஏனையவற்றாற் பயனில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நரிவெங்காயத்திலுள்ள கிளைக்கோசைட்டுக்கள் இருதயத்தின் துடிப்பைத் தாக்குவன. மிகச் சொற்ப அளவில் அது சளியை இளக்கவும் சிறுநீரைப் பெருக்கவும் வைத்தியரால் நெடுங்காலம் பயன்படுத்தப்பெற்றது. மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் செந்நிற இனம் எலிக்கு நஞ்சாக வைக்கப்பட்டது. எலியால் வாந்தி எடுக்க இயலாதாகையால் உண்ட நஞ்சு அதன் வயிற்றிலேயே தங்கிக் கொல்லும். இந்நாட்டுக் கமக்காரர் இதனைக் கேட்டுத் தம் வேலியோரத்துக் கிழங்கை இடித்து வயலில் எலிக்கு வைத்தல் தகாது. இனம் வேறு, வீரியம் வேறு. கோழியும் நாயும் குழந்தையும் அதே தரையில் நடமாடுகின்றன.

எச்சரிக்கை

மரக்கறிச் செய்கையாளர் இதனை மறத்தல் ஆகாது. நரிவெங்காயக் குமிழ் தோற்றத்தில் வெங்காயத்தை ஒக்கும். அரிந்தால் வெங்காய நெடி இராது, சுவை கடுங்கைப்பு, இலை தட்டையானது, வெங்காயத் தாள்போற் குழலாக இராது. இதனை வெங்காயமெனக் கறியிலிட்டு உண்டவர்க்குக் குமட்டல், வாந்தி, வயிற்றோட்டம், இருதயத்துடிப்புத் தளர்தல் என்பன உண்டாகும். உயிருக்கே இடர் நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் கைவைத்தியம் செய்து காலம் போக்காது, எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். வெங்காயப் பாத்திக்கு அருகில் இதனை ஒருபோதும் நடலாகாது. விதை வெங்காயம் வைக்கும் கொட்டிலிலும் இதனைச் சேர்த்து வைத்தல் ஆகாது.

செய்யத்தக்கது யாது?

இரு போகமும் நெல் விளையும் வயலைக் கரும்புக்கு மாற்றுவோர் ஒரு கரும்புப் பயிருக்காக இரு போக நெல்லையும் கைவிடுகின்றனர். வீட்டின் நெல் மூடை குறையும். பணம் ஆண்டிறுதியிலேயே வரும். ஆலையும் அதனோடு எழுத்து மூலமான உடன்படிக்கையும் இல்லாதவிடத்து இது துணியத்தக்கதன்று.

எனினும் கரும்பை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. மரக்கறித் தோட்டத்தில் கிணற்று வாய்க்காலோரமாக ஓரிரு வரிசை மென்கரும்பை தை, மாசியில் நடின், அடுத்த தைப்பொங்கலுக்கு வெட்டலாம். வாய்க்காலிற் கசியும் நீரே அதன் தேவையிற் பெரும்பகுதியைத் தீர்க்கும். பொங்கற் கரும்பு எடையால் அன்றிக் கழிக் கணக்கில் விற்பதாகலின், ஆலை விலையினும் மிகுதியாகக் கிடைக்கும். வெள்ளவத்தை, பாமன்கடை போன்ற நகரச் சந்தைகளுக்கு அனுப்புவோர் பொங்கலுக்கு மூன்று நாட்களுக்கு முன்னரே வாகனத்தையும் வியாபாரியையும் ஒழுங்கு செய்தல் வேண்டும். பிந்திய கட்டு மாட்டுக்கே ஆகும்.

நரிவெங்காயத்தைப் பொறுத்தவரை, தோட்ட நிலத்தில் அதற்கு இடமளித்தல் வீண். பயன்படாத மணற்றரை ஒருபுறம் இருந்து, மருந்து செய்வோர் முன்னரே வாங்க இசைந்திருப்பின், அங்கே வேலியிட்டு வளர்க்கலாம். வாங்குவோர் இல்லாதவிடத்து அது நிலத்தில் கிடக்கும் நஞ்சேயன்றி வேறில்லை.

இனிப்பான பயிர் என்பதாற் கரும்பு யாவர்க்கும் இலாபந்தருவதில்லை. செலவில்லாப் பயிர் என்பதால் நரிவெங்காயம் எவர்க்கும் எளிதாகப் பணந்தருவதுமில்லை. நடுமுன் நீர் எவ்வளவு, காலம் எவ்வளவு, வாங்குவோர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின், பிரதேச விவசாயப் போதனாசிரியரையும் கலந்து முடிவு செய்யும் கமக்காரரே நட்டமின்றி வாழ்வர்.