விசாரணையின்றி ஒரு தீர்ப்பு

திருமணமாகி மூன்று ஆண்டுகள் கடந்தும் மடியில் மழலை தவழாத பெண்ணுக்கு நம் சமுதாயம் ஒரு பெயர் வைத்திருக்கின்றது. அப்பெயரை இங்கு அச்சிட நாம் விரும்பவில்லை. மங்கல காரியங்களில் அவளை ஒதுக்கி நிறுத்துவதும், அவளது கணவனுக்கு வேறு இடத்தில் பெண் பேசுவதும் நம் ஊர்களில் இன்றும் அற்றுப்போய்விடவில்லை. சாட்சி உண்டா? விசாரணை உண்டா? எதிர்வாதத்துக்கு இடமுண்டா? தீர்ப்பு மாத்திரமே உண்டு!

சட்டம் இத்துணைக் கொடியதன்று. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணநீக்கத்துக்கு வகுத்த காரணங்கள் மூன்று: சோரம் போதல், வன்மத்தோடு கைவிட்டுச் செல்லுதல், மணநாளிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. பிள்ளைப்பேறின்மை அவற்றுள் ஒன்றன்று. அந்நியர் ஆட்சியில் எழுந்த ஏடு காட்டிய கண்ணியத்தைக்கூட நம் வீட்டுத் திண்ணைகள் காட்டவில்லை.

இவ்வழக்கில் அழைக்கப்படாத சாட்சி ஒன்று அவளது கழுத்தின் அடியிலேயே இருக்கக்கூடும். அதுவே தைரொயிட்டுச் சுரப்பி. யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912இல் நான்கு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து ஒரு நோயை விவரித்தார். உடலைக் காக்கவேண்டிய பிறபொருளெதிரிகள் அந்நோயில் சொந்தச் சுரப்பிக்கே எதிராக எழுகின்றன என்பது 1956இல் இலண்டனில் வெளிப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆண்களைவிடப் பெண்களையே இது பன்மடங்கு பற்றுகின்றது. சுரப்பி நலிந்து ஓமோன் குறையுமாயின், மாதவிடாய் ஒழுங்கு குலையும். சூல்முட்டை வெளிப்படுதல் தடைப்படும். தரித்த கருவும் கலையும் அபாயம் மிகும். இதனைக் காட்டிக்கொடுக்கச் சிறிதளவு இரத்தம் போதும். தீர்க்கத் தைரொக்சின் மாத்திரை உண்டு, விலையுயர்ந்த மருந்துமன்று. இத்துணை எளிதில் அறியத்தக்க ஒன்றை அறியாமலே ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைப்பது என்ன நீதி?

ஆயினும், சட்டம் பயின்ற நாம் இங்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். ஓமோன் அளவு சரியாயிருக்கையிலும் சிலரது இரத்தத்தில் இப்பிறபொருளெதிரிகள் காணப்படுவதுண்டு. அவையுள்ள பெண்களிடத்தே கருச்சிதைவு 17 வீதம், இல்லாதவரிடத்தே 8.4 வீதம் என்று 1990இல் நியூயோர்க் ஆய்வொன்று கண்டது. உடனே எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. பிரித்தானியாவின் 49 வைத்தியசாலைகளில், கருச்சிதைவோ மகப்பேற்றுத் தடையோ கண்ட, ஆனால் ஓமோன் அளவு சரியாயிருந்த 952 பெண்களைக் கொண்டு அதனைச் சோதித்தனர். 2019இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை உண்டவருள் 37.4 வீதத்தினரும், வெற்று மாத்திரை உண்டவருள் 37.9 வீதத்தினரும் 34 வாரம் கடந்து உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். பயன் ஏதுமில்லை!

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. பிறபொருளெதிரி உண்டு என்ற ஒரு வரியை மட்டும் காட்டி, விலையுயர்ந்த சிகிச்சைகளைத் தலையில் கட்டுவோரும் மாமியாரின் கட்சியைச் சேர்ந்தவரே. இரு திறத்தாரும் முழுச் சாட்சியத்தைக் கேட்பதில்லை. பிறபொருளெதிரி உள்ளவளின் சுரப்பி பின்னாளில் நலியக்கூடும். ஆகவே ஓமோன் அளவைக் காலந்தோறும், கருவுற்றதும் தவறாமல், அளந்து பார்ப்பதே முறை.

மற்றக் கட்சிக்காரனை ஏன் கூண்டில் ஏற்றுவதில்லை? ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மகப்பேற்றுத் தடையை எதிர்நோக்குகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அக்கணக்கில் ஆண்களும் அடங்குவர். மனைவியைக் கோயில் கோயிலாக அனுப்பிவிட்டுத் தன் விந்துப் பரிசோதனைக்கு நாணி ஒளியும் கணவனை நாம் வழக்குகளில் கண்டிருக்கின்றோம். சிகிச்சை நாடுவோர் இனி இருவராகவே செல்லட்டும். அவ்வாறு வரும் பெண்ணுக்குத் தைரொயிட்டு ஓமோன் பரிசோதனையை, அவள் கேட்டு நிற்க வேண்டாதபடி, முதல் நாளிலேயே இலவசமாகச் செய்து, அதன் பொருளை அவளிடமே நேரில் விளக்கிக் கூற ஒவ்வோர் அரச வைத்தியசாலையும் ஏற்பாடு செய்தல் வேண்டும்.