லைன் வீட்டில் வயலின் பழக முடியுமா?

தண்டலத்தில் நான் வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டில் பதினோரு அறைகள். எந்த நேரத்தில் பார்த்தாலும் அவற்றில் பாதி அறைகளிலாவது யாரேனும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் காலை ஏழு மணிக்குப் படுப்பார்கள், காலை ஷிப்ட் முடித்தவர்கள் மதியம் மூன்று மணிக்கு. இடையில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். இங்கே எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தினமும் ஒரு மணி நேரம் வயலின் பழகுவதாக நினைத்துப் பாருங்கள். வயலினில் முதல் இரண்டு வருடம் வருவது இசை அல்ல, எண்ணெய் போடாத கதவுக் கீலின் சத்தம். ஒரு வாரம் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது வாரம் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். தட்டுகிறவர் மீது தப்பில்லை, அவர் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

இசை என் துறை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலைபோக மீதமிருக்கும் நேரம் என்ன ஆகிறது என்பதுதான் என் ஆய்வு. அந்த நேரத்தைப் பற்றிக் கேட்கப் போன இடங்களில்தான், பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வி வந்து நின்றது. டியூஷன், கராத்தே, கொஞ்சம் கீபோர்டு. வயலினை இரண்டு வீடுகளில் பார்த்தேன். இரண்டும் பரண்மேல் இருந்தன.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். நானும்தான். கூடவே ஒரு குரல் எழுந்தது: “பார்த்தீர்களா, திறமை இருந்தால் பண்ணைப்புரத்திலிருந்தும் லண்டனுக்குப் போகலாம். சாதியாவது ஒன்றாவது!” ஒருவர் ஏறிவிட்டதைக் காட்டி ஏணியே தேவையில்லை என்று சொல்லும் பழைய வாதம்தான் இது. ராஜாவே ஏணியில்லாமல் ஏறவில்லை. அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிக் குழு இருந்தது. சென்னைக்கு வந்தபின் மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் மேற்கத்திய இசையும் குறியீடும் சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றதை வைத்துச் சோறு தின்ன சினிமா இருந்தது. மேடையில் வாங்கிய கைதட்டலைப் பற்றிப் பேசும் நாம், அந்தச் சோற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

மேற்கத்திய செவ்வியல் இசையில் ‘அறையிசை’ என்று ஒரு வகை உண்டு. அதன் முக்கியமான வடிவம் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழு. கம்பு பிடித்து நடத்த எதிரே யாரும் நிற்க மாட்டார்கள். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். அந்த நிலைக்கு வர ஒருவர் சிறு வயதிலேயே தொடங்கிப் பத்துப் பதினைந்து வருடம் விடாமல் பழக வேண்டும். உடல் வளர வளரக் கருவியும் மாற வேண்டும்: கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு, பிறகு முழு அளவு. ஒவ்வொரு மாற்றமும் ஒரு செலவு. கம்பி தேயும், வில்லின் முடி உதிரும். பூந்தமல்லிப் பக்கம் நான் விசாரித்த தனியார் வகுப்புகளில் வாரம் ஒரு வகுப்புக்கு மாதம் 2,500 ரூபாய்க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. கிரேடு தேர்வுக் கட்டணம் தனி. நான் பேசிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலருக்குக் கைக்கு வருவது 15,000 ரூபாயை ஒட்டித்தான். ‘திறமை’ என்று பெயர் வைத்திருப்பது பத்து வருடம் தடையில்லாமல் கட்டிய ஃபீஸுக்கும், கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற ஓர் அறைக்கும்.

அப்படியென்றால் மெட்ராஸில் இத்தனை வயலின் கலைஞர்கள் எப்படி வந்தார்கள்? இந்த நகரத்தில் அன்று பெரிய கன்சர்வேட்டரி எதுவும் இல்லை. கோடம்பாக்கமும் வடபழனியும்தான் இருந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பின்னணி இசைப் பதிவுக்கு வயலின் வரிசை வரிசையாக உட்கார வேண்டும். ராஜா முழு ஸ்கோரையும் கைப்பட எழுதுவார், நகலெடுப்பவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் எழுதித் தருவார்கள், கலைஞர்கள் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். சம்பளம் கால்ஷீட் கணக்கில். பேரம் பேச திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் இருந்தது. ஆக, இது ஒரு தொழிற்கூடம். தினமும் சம்பளத்துக்குப் புதிய தாளைப் படித்துப் படித்துத்தான் இவர்கள் தேர்ந்தார்கள். 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் இந்த ஸ்டுடியோக்களில் வாசித்தவர். பின்னாளில் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்’ என்ற நால்வர் குழுவை உருவாக்கி, தியாகராஜர் கீர்த்தனைகளை மேற்கத்திய ஒத்திசையோடு வாசித்தார். இந்த ஊருக்கு அறையிசை வந்த வழி அரண்மனையோ சபாவோ அல்ல, கால்ஷீட்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குருகுல முறையில் பாடம் குருவின் வாயில் இருக்கிறது, அவர் யாரைத் திண்ணையில் உட்கார வைக்கிறாரோ அவருக்குத்தான் கிடைக்கும். ஐந்து கோட்டுக் குறியீட்டில் பாடம் தாளில் இருக்கிறது. தாளுக்குக் கோத்திரம் கேட்கத் தெரியாது. மேற்கத்திய இசை சாதியற்றது என்று சொல்ல வரவில்லை, அதற்கு அதன் வர்க்கமும் நிறமும் உண்டு. ஆனாலும் எழுத்தறிவு நமக்கு என்ன செய்ததோ அதைக் குறியீடும் செய்யக்கூடும் என்பதற்கு, சினிமாவில் நோட்ஸ் படித்துப் பிழைத்தவர்களின் வாழ்க்கையே சாட்சி.

அந்தத் தொழிற்கூடம் பிறகு சுருங்கியது. சிந்தசைசர் வந்தது, சாம்பிள் வந்தது. நாற்பது வயலினின் ஒலியை ஒரு கீபோர்டு தரும் என்றானபின் நாற்பது பேருக்கு எதற்குச் சம்பளம்? உண்மையான வில்லின் ஒலியே வேண்டுமென்றால் புடாபெஸ்டிலும் மாசிடோனியாவிலும் இசைக்குழுக்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. மாணிக்கவாசகரே 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடுதான் வெளிவந்தார். தொழில்நுட்பத்தைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் வேலை வழியாகக் கற்றுக்கொள்ளும் பாதை அடைபட்டால், காசு வழியாகக் கற்றுக்கொள்ளும் பாதை மட்டுமே மிஞ்சும். வேலை சுருங்கிய இடத்தில் தனியார் வகுப்புகளும் கிரேடு சான்றிதழ்களும் பெருகின. இன்று செல்லோ வாசிக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் எந்த வகைப் பள்ளியில் படிக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும்.

இனி நம் பக்கத்துக் கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: “நமக்கு எதற்குத் தோழர் செல்லோ? நம்மிடம் பறை இருக்கிறது.” கோபம் எனக்குப் புரிகிறது. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறையை மேடைக்குக் கொண்டுவந்தது சின்ன விஷயமில்லை. 2018இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியதும், 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ நடந்ததும் என் தலைமுறைக்கு முதுகெலும்பு தந்தவை. ஆனால் சாதி செய்த வேலைகளில் ஒன்று, இன்னாருக்கு இன்ன கருவி என்று பிறப்பிலேயே எழுதி வைத்ததுதான். பறையைப் பெருமையாக ஏந்துவது அந்த எழுத்தின் ஒரு பாதியை அடிக்கிறது. ‘நமக்குப் பறை போதும்’ என்று சொன்னால் மறுபாதியை நாமே பத்திரப்படுத்துகிறோம்.

நரம்புக் கருவி அவர்களுடையது என்று யார் சொன்னது? யாழை வாசித்தவர்கள் பாணர்கள். பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்றுதான் வாசிக்கிறார். யாழ் புனிதமாகப் பாடப்பட்டது, வாசித்தவர் வெளியே நிறுத்தப்பட்டார். வயலின் தமிழ்நாட்டுக்கு வந்த கதையில் பாலுசுவாமி தீட்சிதர் பெயரைச் சொல்கிறவர்கள், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள். இசை வேளாளரான அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை என்று அதற்குப் பின்னும் வரிசை உண்டு. (வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வயலினுக்குக் கட்டியது ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்பு. தோல் தீட்டு, குடல் தீட்டில்லை என்ற சாத்திரத்தை யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.)

வெளியே என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். அமெரிக்க இசைக்குழுக்களில் எழுபதுகளிலிருந்தே தேர்வில் திரை போடும் வழக்கம் பரவியது. வாசிப்பவர் யாரென்று தெரியாமல் காதால் மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். பெண்களின் எண்ணிக்கை கூடியது. கறுப்பினத்தவரோ 2014 கணக்கில் 1.8 விழுக்காடுதான். திரைக்குப் பின்னால் வந்து உட்காரும்வரை ஆகும் பதினைந்து வருடச் செலவைத் திரையால் மறைக்க முடியவில்லை. 1997இல் ஆரன் டுவோர்கின் தொடங்கிய ஸ்ஃபிங்க்ஸ் அமைப்பு, கறுப்பின, லத்தீன் இளைஞர்களைச் சிறு வயதிலேயே பிடித்துக் கருவி, ஆசிரியர், போட்டி, மேடை என்று தொடர்ந்து கொடுத்தது. அங்கிருந்து நால்வர் குழுக்களும் வந்தன. தகுதி பற்றிப் பேசும் நம் ஊர் அறிவாளிகள் இந்த 1.8ஐ ஒருமுறை யோசிக்கலாம். நுழைவுத் தேர்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் வாசல்வரை வந்தவர்களில்தான் அது தேர்ந்தெடுக்கும்.

இந்தியாவிலேயே இன்னும் நல்ல உதாரணம் உண்டு. மேற்கு வங்கத்தின் காலிம்போங்கில் 1993இல் எட்வர்ட் மெக்வயர் என்ற இயேசு சபைப் பாதிரியார் காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். சுமை தூக்குபவர்கள், நிலமற்ற கூலிகளின் பிள்ளைகள். படிப்போடு வயலினும் எல்லோருக்கும் உண்டு. இங்கே முக்கியமான சொல் ‘எல்லோருக்கும்’. திறமையைச் சோதித்துவிட்டுக் கருவி கொடுக்கவில்லை, கருவி கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் அறக்கட்டளை நடத்தும் ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’வும் வறிய குடும்பப் பிள்ளைகளுக்கு நரம்புக் கருவிகளை இலவசமாகக் கற்றுத் தருகிறது. மதிக்க வேண்டிய வேலை. ஆனால் ஒரு கலைஞரின் நல்ல மனசு எத்தனை பிள்ளைகளைத் தாங்கும்? அவருக்கு மனசு இல்லாமல் போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்?

கேட்க வேண்டிய இடம் அரசு. தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு. கட்டணம் பெயருக்குத்தான். இப்படி ஓர் அமைப்பு வேறு எத்தனை மாநிலங்களில் இருக்கிறது? இது நம் இயக்கங்கள் உருவாக்கிய அரசியல் சூழலின் விளைவு, இதை நாம் உரிமையோடு கேள்வி கேட்கலாம். தண்டலத்துப் பிள்ளைக்கு மிக அருகில் இருப்பது காஞ்சிபுரம், சுமார் 40 கிலோமீட்டர். அங்கே போய்ப் பகலில் இசை படித்தால் பள்ளிக்கூடம் எப்போது போவது? வயலின் இருக்கிறது, கர்நாடக முறையில். வியோலாவும் செல்லோவும் பாடப் பட்டியலிலேயே இல்லை. சென்னையை ஒட்டி 2019 முதல் யமஹாவின் ஆலை கீபோர்டும் கித்தாரும் செய்து அனுப்புகிறது. இசைக்கருவி செய்யும் தொழிலாளிகள் இருக்கும் வட்டாரத்தில் இசைக்கருவி பழக மாலை நேர வகுப்பு ஒன்று இல்லை.

கருவியும் ஆசிரியரும் கிடைத்தாலும் நேரம் இருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் இங்கே சட்டமன்றத்தில் நிறைவேறியது, எதிர்ப்பு எழுந்ததால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அது நின்றிருந்தால் இந்த லைன் வீடுகளில் பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப்போகவே ஆள் இருந்திருக்காது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, “இவர்களுக்கு நல்ல சம்பளம்தானே, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்டவர்கள் உண்டு. என்ன வேண்டும் என்பதற்கு எட்டு மணி நேர வேலைக்குப் பிறகான மாலையும் ஒரு பதில்.

ஆகவே கோரிக்கை பெரியதில்லை. காஞ்சிபுரம் இசைப்பள்ளிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளை, மாலை 5 மணி முதல் 8 மணி வரை. நான்கு அளவுகளிலும் வயலின், சில வியோலாக்கள், சில செல்லோக்கள், நூலகப் புத்தகம்போலக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமையோடு. மேற்கத்திய குறியீடு சொல்லித்தர, கால்ஷீட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஸ்டுடியோ கலைஞர்களுக்கு அரசு ஊதியத்தில் ஆசிரியர் பணி. வீட்டில் பழக முடியாத பிள்ளைகளுக்கு அதே கட்டடத்தில் நான்கைந்து சின்ன அறைகள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். சேர்க்கையில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கருவிகள் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயர்ப்பலகை வேண்டாம். இதைத் தொழிற்சங்கங்களின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கேன்டீன் சாப்பாட்டுக்கும் பேருந்து வசதிக்கும் கீழே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி நானும் சில நண்பர்களும் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் சிரித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒரு அக்கா, எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள் என்று கேட்டார்.