அமேசான் கிளவுட் முடங்கியது ஏன்? 'ரேஸ் கண்டிஷன்' என்றால் என்ன?

2025 அக்டோபர் 20, இந்திய நேரப்படி பகல் 12.18 மணி. அமெரிக்காவில் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் சேவை தடுமாறத் தொடங்கியது. ஸ்னாப்சாட், ரோப்லாக்ஸ், சிக்னல் எனப் பல ஆப்கள் அடுத்தடுத்து முடங்கின. இது ஹேக்கர்கள் வேலை இல்லை. காரணம், 'ரேஸ் கண்டிஷன்' என்ற மென்பொருள் பிழை.

அப்படின்னா என்ன?

ரயிலில் ஒரே ஒரு சீட்தான் மிச்சம். இரண்டு பேர் ஒரே நொடியில் பார்க்கிறார்கள். இருவர் போனிலும் '1' என்றே காட்டுகிறது. இருவருமே புக் செய்கிறார்கள். ஒருவர் வேலை முடியும்வரை சிஸ்டம் 'பூட்டு' போட்டு அடுத்தவரை நிறுத்தாவிட்டால், ஒரே சீட் இருவருக்கும் போய்விடும். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடுவதால்தான் 'ரேஸ்' என்று பெயர்.

அமேசானில் நடந்தது என்ன?

டைனமோடிபி என்ற டேட்டாபேஸின் இணைய முகவரிகளைப் புதுப்பிக்க, ஒரே மாதிரியான தானியங்கி புரோகிராம்கள் பல இயங்கிவந்தன. அன்று அதில் ஒன்று ரொம்ப மெதுவாக ஓடியது. 'என்னிடம் இருப்பது புதிய பட்டியல்தானா?' என்று தொடக்கத்திலேயே சரிபார்த்துவிட்டது. ஆனால் எழுதி முடிப்பதற்குள் இன்னொரு புரோகிராம் அதைவிடப் புதிய பட்டியலைப் போட்டுவிட்டது. அதன்மேல் மெதுவான புரோகிராம் தன் பழைய பட்டியலை எழுதியது. அதே நேரத்தில் மற்றது, 'பழசு' என்று அந்தப் பட்டியலையே அழித்தது. முகவரி காலி!

இன்ஜினியர்கள் கையால் சரிசெய்து முகவரியை மீட்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மற்ற சேவைகள் சீராக மேலும் பல மணி நேரம் பிடித்தது.

சோதனையில் ஏன் சிக்கவில்லை?

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு புரோகிராமும் சரியாகத்தான் வேலை செய்தன. தவறு நேரப் பொருத்தத்தில். 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடி பேர் இருளில் மூழ்கியபோதும் இதே பிழைக்குப் பங்கு இருந்தது. ஓஹியோ மின் நிறுவனத்தின் எச்சரிக்கை மென்பொருள் ரேஸ் கண்டிஷனால் உறைந்துபோக, நிலைமை மோசமாவது ஊழியர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தெரியவே இல்லை. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆனது.

தீர்வு?

எல்லாவற்றுக்கும் பூட்டு போட்டால் வேகம் குறையும். இரண்டு புரோகிராம்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. அதனால் எழுதும் அதே கணத்தில் மறுபடி சரிபார்ப்பதே பாதுகாப்பான வழி. பழுதுக்குப் பிறகு அந்தத் தானியங்கி முறையையே அமேசான் உலகம் முழுக்க நிறுத்தி வைத்தது. பிழையைச் சரிசெய்த பிறகே அது மீண்டும் இயங்கும் என்றும் அறிவித்தது.