தெலோனியஸ் மங்க்: ‘விசித்திர மேதை’ என்னும் பழி

ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்கிற்கு (1917–1982) முறையாக வாசிக்கத் தெரியாதென ஒருகாலத்தில் விமர்சகர் சிலர் எழுதினர். பின்வந்தோரோ அவரை மரபிலிருந்து பிரித்து ‘விசித்திர மேதை’ ஆக்கினர். பழி புகழாக மாறியதேயன்றி அறியாமை மாறவில்லை.

நியூயோர்க்கில் வளர்ந்த மங்க், ஹார்லெம் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜோன்சனின் வழிவந்தவர். இடக்கை தாழ்சுரத்துக்கும் சுரக்கூட்டுக்குமிடையே மாறிமாறித் தாவும் ‘ஸ்ட்ரைட்’ முறை, 1965 இல் வெளியான ‘சோலோ மங்க்’ இசைத்தட்டில் வெளிப்படையாகவே ஒலிக்கின்றது. செவியுள்ளோர் கேட்கலாம். அடுத்தடுத்துள்ள இரு கட்டைகளை ஒருங்கே அழுத்தி அவர் எழுப்பும் உரசலொலியும் கைத்தவறன்று. டியூக் எலிங்டனின் பியானோவில் அதற்கு முன்னோடி உண்டு.

அவர் நெடுங்காலம் அறியப்படாதிருந்தமைக்கு இசையின் கடினமே காரணமென்பது இன்னொரு கதை. 1951 இல் போதைப்பொருட் குற்றச்சாட்டொன்றையடுத்து, நியூயோர்க்கில் மதுபானம் விற்கும் விடுதிகளில் வாசிப்பதற்கான பொலிஸ் அனுமதி அட்டையை அவர் இழந்தார். அதனை மீளப் பெற்றது 1957 இலேயே. அவ்வாண்டு ‘ஃபைவ் ஸ்பொட்’ விடுதியில் ஜோன் கோல்ட்ரேனுடன் மாதக்கணக்கில் வாசித்தார், கூட்டம் திரண்டது. அங்கு வாசிக்கப்பட்டவற்றுட் பல 1951 க்கு முன்னரே அவர் இயற்றியவை.