நடுவரும் பிழை திருத்தமும்

பிழையே செய்யாத நடுவர் உலகில் இலர். ஆயினும், செய்த பிழையைப் பலர் முன்னிலையில் திருத்திக்கொள்ளும் நடுவரை நாம் எள்ளி நகையாடுகிறோம். திருத்த மறுப்பவரையோ உறுதியுடையார் எனப் போற்றுகிறோம். இது முறையன்று என்பதே எம் கருத்து. சென்ற பருவத்தில் நம் கல்லூரி மைதானத்தில் நிகழ்ந்த கூடைப்பந்தாட்டமொன்று இதனை எழுதத் தூண்டிற்று.

ஆட்டம் முடியச் சிறிது பொழுதே இருக்கையில், கூடையை நோக்கிப் பந்தெறிந்த நம் வீரர்மீது எதிரணியார் ஒருவர் மோதினார். நடுவர் இரண்டு பிரீ துரோக்கள், அஃதாவது தனியெறிகள், வழங்கினார். மோதுண்டவர் எறிதலில் அத்துணைத் தேர்ச்சியுடையாரல்லர். ஆகவே, குறி தவறாத மற்றொருவர் கோட்டருகே சென்று நின்றார். ஆள் மாறியதை உணராத நடுவர் பந்தை அவர் கையிற் கொடுத்தார். இரண்டும் கூடையில் வீழ்ந்தன. எதிரணித் தலைவர் பணிவுடன் முறையிட, நடுவர் குறிப்பாளர் மேசையை அணுகி வினவி, அவ்விரு புள்ளிகளையும் நீக்கினார். நம்மவர் எழுப்பிய கூச்சல் நெடுநேரம் அடங்கவில்லை.

நடுவர் செய்ததோ விதிப்படி சரியே. உரிமையில்லாத் தனியெறியை வழங்குதல், உரியதை வழங்காதொழிதல், உரியவரல்லாதாரை எறியவிடுதல், புள்ளிகளைத் தவறாகக் கொடுத்தல் அல்லது நீக்குதல் ஆகிய பிழைகளைத் திருத்த அனைத்துலக விதிகள் இடந்தருகின்றன. ஒரு மோதல் பவுலா அன்றா என்னும் தீர்ப்பு இவற்றுள் அடங்காது. திருத்துதற்கும் எல்லையுண்டு. பிழைக்குப்பின் கடிகாரம் ஓடத் தொடங்கி, முதன்முறை ஆட்டம் நின்று, பந்து மீண்டும் ஆட்டத்திற்கு வருமுன் அது கண்டறியப்படல் வேண்டும். இடையில் பெற்ற புள்ளிகளும், நேர்ந்த பவுல்களும், கழிந்த நேரமும் அவ்வாறே நிற்கும். தனியெறிக்குரிய அணிக்குத் தவறாகப் பந்து மட்டும் வழங்கப்பட, அவ்வணியே அதனைக் கூடையிலிட்டுவிடின், பிழை பொருட்படுத்தப்படாது.

இவ்வெல்லை அறிவுடைமையின்பாற்பட்டது. காலங்கடந்த திருத்தம் பழைய அநீதியை நீக்கப் புகுந்து புதிய அநீதியை விளைக்கும். ஆகலின், பிழையை ஒப்புக்கொள்ள விரும்புவோர் உடனே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

திருத்துதல் நடுவரின் அதிகாரத்தைக் குறைக்கும் என்பாரும் உளர். நடுவருக்கு அதிகாரம் தருவது விதியே. அவ்விதிக்குத் தாமும் அடங்குபவரிடத்தே அது பெருகுமன்றிக் குறையாது.

உரியவரே எறிதல் வேண்டும் என்ற விதியும் அனுபவத்தாற் பிறந்ததே. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், வை. எம். சி. ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தபோது தனியெறியே இல்லை. ஓரணியார் தொடர்ந்து மூன்று பவுல் செய்யின் எதிரணிக்கு ஒரு கூடை கணக்கிடப்பட்டது. தனியெறி வந்தபின்னும் நெடுங்காலம் அணியில் வல்லார் ஒருவரே அனைத்தையும் எறிந்துவந்தார். 1920களில் அமெரிக்காவில் அவ்வழக்கம் ஒழிந்தது. வலியாரை மட்டுமே முன்னிறுத்தாது, ஒவ்வொருவரும் தத்தம் கடமையைத் தாமே ஆற்றுக என்பதன்றோ இதன் பொருள்?

இறுதியாக ஒன்று கூறுவோம். கோட்டருகே நின்றவர் உரியவரல்லர் என்பதை நடுவர் அறியார். நம் அணியினர் அறிவர். பக்கத்தே அமர்ந்திருந்த நாமும் அறிவோம். ஒருவரேனும் வாய் திறந்தோமில்லை. புள்ளிகள் நீங்கியபின்னரே திறந்தோம். எதிரணித் தலைவர் சொன்னதை முன்னரே சொல்லியிருக்க வேண்டியவர் நாமே. ஆட்டத்தில் தோற்றதைவிட இதுவே எமக்கு நாணம் தருகின்றது. வரும் பருவத்தில் இத்தகைய பிழை நமக்குச் சார்பாக நேரின், நம் அணித்தலைவரே முதலில் நடுவரை அணுகுவாராக. நாமும் அவரைக் கரவொலியால் வாழ்த்துவோமாக.