பேட்மேனின் பெரிய பலம் எது?

பேட்மேன் என்றதும் காரையும் முகமூடியையும்தான் சொல்வீங்க. என் கருத்து வேற.

1939-ல் வந்த கதையில், சிறுவன் புரூஸ் வெய்னின் கண் முன்னாலேயே அவன் அப்பா, அம்மாவை ஒரு திருடன் சுட்டுக் கொல்கிறான். வளர்ந்ததும் புரூஸ் பேட்மேனாகி, திருடர்களை அடித்து நொறுக்குகிறான். துக்கம் தீர்ந்ததா? இல்லையே!

1940-ல் வந்த கதையில், சர்க்கஸில் பெற்றோரை இழந்த டிக் கிரேசனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். அவன்தான் ராபின்! அந்த வலி புரூசுக்குத் தெரியும். அதனால் அவனைத் தனியா விடல. நூறு வில்லனை அடிப்பதைவிட இதுதான் பெரிய வீரம்.

நம்ம வகுப்பிலும் அப்பாவையோ அம்மாவையோ இழந்தவங்க இருக்கலாம். 'பாவம்'னு சொல்லி ஒதுங்காதீங்க. பக்கத்துல போய் உட்காருங்க. அதுக்கு முகமூடி தேவையில்லை!