மலடென்று விற்ற மாடு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை விக்கிரவாண்டி, மயிலம் என எந்த ஊர்ப்பக்கம் சென்றாலும், விடியற்காலையில் பால் சங்கத்து வாயிலில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்கும் தாய்மாரைக் காணலாம். நிலமில்லை, நீச்சில்லை, அவர்களிலே பலருக்குச் சொத்தெல்லாம் ஒரு கலப்பினப் பசு! அது சினை பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு பாலில்லை, கூழுக்கும் வழியில்லை.

சினை பிடிக்காத மாட்டுக்கு ஊர் தரும் பட்டம் மலடு. பிள்ளைப்பேறற்ற பெண்ணுக்கும் இதே பட்டத்தைச் சூட்டி மகிழ்ந்த சமுதாயமல்லவா இது! காரணத்தைத் தேடார், பழியை மட்டும் சுமத்துவர்.

காரணம் என்ன? ஈன்ற பசுவின் கருப்பை பழைய நிலைக்குச் சுருங்க ஏறத்தாழ 40 நாள் ஆகும். ஈனும்போது கிருமி உள்ளே புகுவது இயற்கை. பெரும்பாலான மாடுகள் தாமே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாத மாட்டில்தான் வினை விளைகிறது. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும். விழாவிட்டால் கொட்டகையில் கூடுகிறது பாருங்கள் ஒரு பண்டிதர் கூட்டம்! "கல்லைக் கட்டு" என்கிறார் ஒருவர். "பழஞ்செருப்பைக் கட்டு" என்கிறார் இன்னொருவர். "கண்ணேறு பட்டது" என்கிறார் மூன்றாமவர். கையை விட்டு இழுப்பவரும் உண்டு. இழுத்தால் என்ன ஆகும்? கொடி அறுந்து, மீந்த துண்டு உள்ளேயே அழுகும், கருப்பை புண்ணாகும். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் வேறு. காகத்துக்கு விருந்து! ஆழக் குழி தோண்டிப் புதைத்தால் ஆகாதா? கன்று வீசிய மாட்டின் கொடியை வெறுங்கையால் தொட்டால் புருசெல்லா நோய் மனிதரையும் பற்றும்.

முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், நாற்றமடிக்கும் செந்நீர் என்றால் யாரும் கண்டுகொள்வர். அதன் பின்னர்த் தங்கும் அழற்சிதான் கள்ளன். காய்ச்சலில்லை, தீனியும் குறையாது, வாலடியில் சிறிது வெண்சீழ், அவ்வளவே. மாடு பருவத்துக்கு வரும், சினை ஊசி போடுவர், நிற்காது. 21 நாள் கழித்து மறுபடியும் அதே கதை. மும்முறை தவறினால் 63 நாள்! தவிடும் புண்ணாக்கும் கடனிலே வாங்கியவை. பிறகு சந்தை, அடிமாட்டு விலை. பருவக் கோழை கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். சீழ் கலந்திருந்தால் அன்று ஊசி வேண்டாம், மருத்துவம்தான் வேண்டும். அந்த மருந்துக் காலத்துப் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்வரை சங்கத்தில் ஊற்றலாகாது.

அறிவுக்குப் பஞ்சமா? 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989இல் பல்கலைக்கழகமே எழுந்தது. 1962 என்ற எண்ணை அழைத்தால் மருத்துவ ஊர்தியும் உண்டு. ஆனால் கல்லூரி வேப்பேரியில், கொட்டகை மயிலத்தில்! இடையிலுள்ள தூரத்தை யார் கடப்பது? கூலி வேலையை விட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு மருந்தகம் போனால், அன்றைய கூலியை யார் தருவது?

நாம் கேட்பது பெரிதன்று. நாள்தோறும் பாலின் அளவையும் கொழுப்பையும் குறிக்கும் சங்கம், மாடு ஈன்ற தேதியையும் குறிக்கட்டும். 30ஆம் நாளையொட்டி, சங்கத்து வாயிலிலேயே, கறவை முடிந்த காலை வேளையில், மருத்துவர் அந்த மாட்டைப் பார்க்கட்டும். சீழின் வாடையை முதலில் அறிபவள் பால் பீய்ச்சும் பெண். அவளைக் கேட்டு எழுதட்டும், வீட்டுக்காரரை அல்ல. தோழர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அவளையே எழுந்து பேசச் சொல்லுங்கள்.